மைக்கில் நான் சொன்ன நாலு வார்த்தை

எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். லீவு லெட்டர் தவிர வேறெதையும் பெரிதாக எழுதியதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விடுவேன். தப்பு இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவியின் வலது காலைப் பற்றி எழுதுகிறேன். அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு ஷாஃப்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து இப்போது லைன் இன்ஸ்பெக்டர். காலையில் மெஷினில் வருகிற முதல் பீஸை அளந்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் மெஷினை ஓட விடுவார்கள். ஆனால் அதோடு விட முடியாது. மணிக்கு ஒரு பீஸ் எடுத்து அளந்துகொண்டே இருக்க வேண்டும். வெட்டுகிற டூல் தேயும். காலையில் சரியாக வந்த அளவு மத்தியானம் வராது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எனக்கும் மனைவிக்கும் சர்க்கரை உண்டு. எனக்கு லேசாக, அவளுக்கு அதிகமாக. அவள் தொரப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை செய்தாள். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, மாத்திரையை விடாதே, தினமும் பாதத்தைப் பார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தவறாமல் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஒருவர் காலை ஆறு மணிக்குப் பேச ஆரம்பித்தார். எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். முதலில் நடைப்பயிற்சிக்கு வந்த இருபது பேர்தான் நின்று கேட்டார்கள். சில மாதங்களில் மைதானம் போதவில்லை. இங்கே ஒரு தெருவுக்குள்ளேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. அவருக்கு மூன்றும் தெரியும். தமிழில் பயமுறுத்துவார், தெலுங்கில் சிரிக்க வைப்பார், கன்னடத்தில் ஆறுதல் சொல்வார். ஆளாளுக்கு அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் எதையும் விற்கவில்லை. அதுவே பாதிப் பேருக்குப் போதுமாக இருந்தது.

"சக்கரைங்கறது வியாதியா? தெனம் மூணு வேளை தட்டுல சோறு வெச்சு நாமளே வளக்கற நாயி. சோத்தக் கொற, நாயி ஓடிப்போயிரும். மாத்திர போட்டா? கட்டிப்போட்ட நாயி ஊட்டுக்குள்ளயே இருக்கும்!" என்பார். பிறகு, "யாரு டாக்டரு?" என்று கேட்பார். மொத்தக் கூட்டமும் "நம்ம வாயி!" என்று கத்தும்.

சானமாவு காட்டிலிருந்து யானைகள் இறங்கியிருக்கின்றன, விடியற்காலையில் வெளியே வர வேண்டாம் என்று ஒருநாள் செல்போனில் செய்தி வந்தது. அன்றைக்கும் கூட்டம் குறையவில்லை. "ஐயா இருக்கற எடத்துக்கு யானை வராது" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நான் சிரிக்கவில்லை. தலையாட்டினேன் என்றுதான் ஞாபகம்.

கம்பெனியில் காலை உறுதிமொழி சொல்லும்போது நான் உதட்டை மட்டும் அசைப்பேன். மைதானத்திலும் அப்படித்தான் நின்றேன். ஒரு நாள் "நம்ம வாயி" என்று என் தொண்டையிலிருந்து சத்தம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுநாளே மாத்திரையை நிறுத்தினேன்.

மனைவி நம்பவில்லை. "அந்தாளு பேசறதக் கேட்டா ராயக்கோட்ட மார்க்கெட்ல அழுகிப்போன தக்காளியும் எந்திரிச்சு உக்காந்துக்கும். பேச்சுதாங்க அது. நான் மாத்திரய வுடமாட்டேன்" என்றாள். 

"நீ ஒருநாளு வந்து கேளு" என்றேன்.

"நீங்க கேட்டது போதும். உங்க வாயில ஒரு வார்த்த வாங்கறதுக்கு நான் கலெக்டராபீஸ்ல மனு குடுக்கணும். நீங்க போயி அங்க கத்திக்கினு நிக்கறீங்களாமே, எதுத்தூட்டு அக்கா சொல்லிச்சு."

சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்து, கம்பெனியில் எழுதுவதுபோல ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினேன். எனக்கு அளவு சரியாகவே வந்தது. அந்தத் தாளை ஐயாவிடம் காட்டினேன். அவர் அதைக் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இவரு யாரு தெரியுமா? கம்பெனில முடியளவு வித்தியாசம் இருந்தாலும் தூக்கிக் கடாசற ஆளு. அளக்கறதே இவரு பொழப்பு. இவரே சொல்லட்டும்!"

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் மனைவியும் நின்றிருந்தாள். என்னைக் கேலி செய்யத்தான் வந்தாள் என்று பிறகு சொன்னாள்.

"அளந்து பார்த்தேங்க. சரியா இருக்குங்க" என்றேன்.

அவ்வளவுதான். கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கை தட்டியது அந்த ஒரு முறைதான். வீட்டுக்கு வந்ததும் மனைவி மாத்திரை டப்பாவை எடுத்துப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டாள்.

அவளுக்கும் நான் காலையில் மட்டும்தான் அளந்தேன். இரவு அரை வயிற்றோடு படுத்த உடம்பில் காலையில் அளவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். போகப் போக இறங்கும் என்று கையெழுத்துப் போடுகிற மனதோடு எழுதிக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு நாள்கூட அளக்கவில்லை. மணிக்கு ஒரு பீஸ் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், வீட்டில் முதல் பீஸோடு நிறுத்திவிட்டேன். தினமும் பாதத்தைப் பார்ப்பதையும் இருவருமாக மறந்துவிட்டோம். நோயே இல்லை என்றான பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

பிப்ரவரி மாதக் காதலர் தின ஆர்டருக்காகப் பண்ணையில் வேலை அதிகமாக இருந்தபோது, செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு ரோஜா முள் அவள் வலது பாதத்தில் ஏறியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. செருப்பில் ஈரம் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். முள்ளை எடுத்தும் புண் ஆறவில்லை. மைதானத்தில் ஐயாவிடம் போய்ச் சொன்னேன்.

"கசியுதா? கசியட்டும். உள்ள இருக்கற கெட்டது வெளிய போவுது. எலய அரச்சுக் கட்டுங்க. பயப்படாதீங்க, நீங்களே பயந்தா இவங்கல்லாம் என்ன ஆவறது?" என்று கூட்டத்தைக் காட்டினார். அவர் பொய் சொன்னதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் அதை நம்பினார்.

இலை அரைத்துக் கட்டினேன். பத்து நாள். பதினோராம் நாள் கால் கட்டை விரல் கறுத்து நாற்றம் வந்தது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அளந்தபோது வந்த எண்ணை நர்ஸ் இரண்டு முறை சரிபார்த்தார்.

டாக்டர் இளவயதுப் பெண். "மாத்திரையை எப்ப நிறுத்தினீங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆறு மாசம் இருக்கும்."

"யார் சொல்லி நிறுத்தினீங்க? அந்த கிரவுண்ட்ல பேசறவரா? இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆள்."

மனைவி என்னைக் காட்டினாள். "அவரு பேச்ச யாரு கேட்டா டாக்டரம்மா? இவரு சொன்னாரு. இவரு எதயும் சும்மா சொல்ற ஆளு இல்ல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. எனக்காக வாதாடுகிற குரல். நான் சுவரில் ஒட்டியிருந்த கால் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் தெரிந்து கம்பெனி நண்பர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் உட்கார்ந்து, "அது எப்படிண்ணா, ஒத்த ஆளு வாய வெச்சிக்கினு இத்தன பேர நம்ப வெச்சிர முடியுமா? என்ன சொன்னாலும் நம்பிருவாங்களா?" என்று கேட்டார். பிறகு யோசித்துப் பார்த்தேன். என் மனைவியை ஐயாவால் நம்பவைக்க முடியவில்லை. மூன்று மொழியில் பேசியும் முடியவில்லை. அதற்கு நான் தேவைப்பட்டேன். மற்ற வீடுகளிலும் என்னைப்போல ஒருவர் இருந்திருப்பார், அதிகம் பேசாதவராக, பொய் சொல்லாதவராக.

சாயங்காலம் டாக்டர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். கட்டை விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து என்றார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். 

"நீங்க என்னாங்க சொல்றீங்க?"

அப்போதும் என்னைத்தான் கேட்டாள். சரி என்றேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நல்ல பீஸுக்குப் போடுகிற அதே கையெழுத்து.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு மணிக்கு வெளியே கொண்டுவந்தபோது அவள் மூச்சு சீராக இருந்தது, போர்வை வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. மைதானத்தில் அன்றைக்கும் கூட்டம் நடந்ததாக எதிர்வீட்டு அக்கா சொன்னார்.