முதலிடம் வந்த வாரம்

எங்கள் முதல் இசைத்தொகுப்பு வானொலியின் வாராந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபோது குழுவில் நான் ஒருத்திதான் மிச்சமிருந்தேன்.

நான் மலையகத்தில், லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியை. பாட்டு எழுதிப் பாடுவேன். கிட்டார் வாசித்த தம்பி என் சித்தி மகன். தப்புப் பறை அடித்தவர் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மலையில் கொழுந்து பறிக்கும்போது பெண்கள் பாடும் மெட்டுகளுக்கு மின்கிட்டாரும் தப்பும் சேர்த்து எட்டுப் பாடல்கள் செய்தோம். பதுளையில் நாலு ஞாயிற்றுக்கிழமைகள் பதிவு நடந்தது. இணையத்தில் போட்டோம். யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பி டுபாய்க்குப் போனான். தப்புக்காரர் மனைவியின் ஊரான வவுனியாவில் குடியேறினார். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை.

பிறகு யாரோ கல்யாண வீடியோவொன்றுக்கு எங்கள் பாட்டொன்றைப் போட, அது தீயாகப் பரவி, தொகுப்பையே முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. மூன்று பேரும் நேரில் வந்து பாட வேண்டுமென்று கொழும்பு வானொலி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். தம்பியிடம் போனில் சொன்னேன்.

“நீ போயிட்டு வாக்கா. தனியாவே பாடிரு.”

“கிட்டாரும் தப்பும் இல்லாம என்னத்தடா பாடுறது?”

“எனக்கு லீவு தரமாட்டாங்க.” பிறகு கேட்டான்: “நெசமாவே மொத எடமாக்கா?”

“ஆமாடா.”

தப்புக்காரர் மகிழ்ந்து வாழ்த்தினார். மகளுக்குக் காய்ச்சல், வர முடியாது என்றார்.

நிலையத்தில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். “மற்ற ரெண்டு பேரும் பின்னால வாறாங்களா?” என்று கேட்டார் அறிவிப்பாளர்.

“இல்லங்க, நான் மட்டும்தான்.”

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பதிவையே ஒலிபரப்பினார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் தம்பி மெதுவாகச் சிரிப்பது கேட்டது. பதிவு செய்த நாளில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

“அடுத்த தொகுப்பு எப்ப?” என்று கேட்டார் அறிவிப்பாளர்.

“செய்வோங்க,” என்றேன்.

மூன்று வாரங்களில் தொகுப்பு பட்டியலிலிருந்து இறங்கியது. நான் புதிதாக ஒரு பாட்டு எழுதி, இரண்டு வரி பாடித் தம்பிக்கு அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

“நல்லாருக்குக்கா. நா போறதுக்கு முந்தியே கிட்டார வித்துட்டேன். ஒங்கிட்ட சொல்லல.”

‘பரவாயில்லடா’ என்று எழுதி அனுப்பினேன். முன்பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம் அது. பாய்களைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.