ஓட்வார் சார்ஜர் தேர்ந்தெடுக்கிறார்

அரை மணி ஆகிவிட்டது. ஓட்வார் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார். சமையலறை ஜன்னலுக்குக் கீழே குனிந்து, சுவரில் செருகியிருந்த பிளக்கின் மேல் புறங்கையை வைத்தார். கண்ணை மூடி மூன்று எண்ணினார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வெந்த குழம்பை விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"வெதுவெதுப்புதான்," என்றார்.

எதிரே அவருடைய மனைவி தோருன் கம்பளித் தொப்பியும் வெளி ஜாக்கெட்டும் போட்டபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு குளிர்காலமாக இந்த ஒரே வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். இது மூன்றாவது குளிர்காலத்தின் வாசல். அக்டோபர் பிறந்து முதல் உறைபனியும் விழுந்தாயிற்று.

அந்தப் பிளக்கிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு தடித்த கேபிள் கிளம்பி, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே இறங்கி, நடைபாதையைக் கடந்து, கொட்டகையில் நிற்கும் மின்சாரக் காருக்குப் போகிறது. கேபிள் நுழைய வேண்டுமானால் ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்தே இருக்க வேண்டும். மிச்ச இடுக்கில் ஓட்வார் மூன்று ஜோடி பழைய கம்பளிக் காலுறைகளைத் திணித்துவைத்திருக்கிறார். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு: சாம்பல் நிறம் கீழே, பழுப்பு மேலே. அந்த சாக்கெட் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்காகப் போட்டது. வீட்டில் தனி ஃபியூஸ் உள்ள ஒரே சாக்கெட் அதுதான் என்பதால் இயந்திரத்தைப் பிடுங்கிவிட்டுக் காரைச் செருகினார். கார் இழுக்கிற இழுப்பில் பிளக் சூடேறித் தீப்பிடித்துவிடக் கூடாதே என்றுதான் அரை மணிக்கு ஒரு தரம் தொட்டுப் பார்ப்பது. அன்றிலிருந்து பாத்திரத்தை அவரே கையால் கழுவுகிறார். அந்த விஷயத்தில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

"இதெல்லாம் தற்காலிகம்," என்பார் ஓட்வார். "நல்ல சார்ஜராப் பார்த்து மாட்டுற வரைக்கும்."

வயது அறுபத்தாறு. ஸ்டியோர்டால் ஊரின் குடிநீர்க் குழாய்களை முப்பத்தொரு வருடம் பரிசோதித்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒரு குழாய் வெடித்ததில்லை; ஒரு குழாய் சீக்கிரமாக மாற்றப்பட்டதும் இல்லை. செருப்பு வாங்கினாலும் மூன்று கடை ஏறுவார். கார் விஷயத்திலும் அப்படித்தான் ஒரு வருடத் திட்டத்தோடு இருந்தார். ஆனால் தோருன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் காட்சியறைக்குப் போய், ஒரு காரில் உட்கார்ந்து, "சீட் சூடா இருக்கு, இதுவே போதும்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஓட்வாருக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: சார்ஜரைத் தான்தான் தேர்ந்தெடுக்கப் போவதாக. தோருன் சரி என்றார். அந்தச் சரி இரண்டு வருடத்துக்கு நீளும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஓட்வாரின் தேர்வு ஒரு கெட்டி அட்டை ஃபைலில் நடக்கிறது. இருபத்து மூன்று சார்ஜர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கேபிளின் நீளம், பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி தாங்கும், முனகுமா, கையுறை போட்ட கையால் அமுக்க முடியுமா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். கழித்துக் கழித்து நான்கில் கொண்டுவந்து நிறுத்துவார். அந்த வாரம் பார்த்து ஏதாவது பத்திரிகை புதிதாக ஒரு சோதனை நடத்தி முடிவு வெளியிடும். நான்கு மறுபடி ஒன்பதாகிவிடும். மின்பணியாளரை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று தோருன் கேட்டதுண்டு. தேர்வு முடியாமல் கூப்பிட்டால் அவன் தன்னிடம் இருக்கிறதைத் தலையில் கட்டிவிடுவான் என்பது ஓட்வாரின் கட்சி.

"அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது," என்பார். தோருன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்வார்.

அவர்கள் இருப்பது பன்னிரண்டு வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசையில், ஏழாம் எண் வீடு. மற்ற பதினொரு வீட்டுச் சுவரிலும் சார்ஜர் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, எல்லோருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்து, இரண்டே நாளில் மாட்டி முடித்துவிட்டது. ஓட்வாரிடம் அப்போது மின்சாரக் கார் இல்லை. விருப்பப் படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் இருந்தது. இரண்டிலும் குறி போடாமல், ஓரத்தில் "பரிசீலனையில்" என்று எழுதிக் கொடுத்தார். மண்ணைத் தோண்டிக் கம்பி இழுத்தவர்கள் எதற்கும் இருக்கட்டுமென்று ஏழாம் எண் கொட்டகைச் சுவருக்கும் கம்பிக் குழாய் ஒன்றை ஏற்றி, முனையை மூடி, மேலே 7 என்று எழுதிவிட்டுப் போனார்கள். குழாய் முனை நல்ல உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கார் கண்ணாடியில் உறையும் பனியைச் சுரண்டுகிற கரண்டியை ஓட்வார் அதில் மாட்டிவைத்திருக்கிறார்.

வரிசையில் யாருக்கும் இந்த ஆரஞ்சு கேபிள் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டு ஹெல்கே தினமும் அதைத் தாண்டித்தான் குப்பை கொட்டப் போகிறார். போகும்போது, "இன்னிக்கு வானம் தெளிஞ்சிருக்கு," என்பார். ஓட்வாரும் நிமிர்ந்து பார்த்து, ஆமாம், தெளிந்திருக்கிறது என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அடுத்தவர் ஜன்னலைப் பற்றி வாய் திறப்பது இங்கே அவர் வீட்டுப் படுக்கையறையை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். அதைவிட வேடிக்கை, ஹெல்கேக்கு உள்ளூர ஒரு கலக்கம் இருந்தது. இவ்வளவு யோசிக்கிற மனுஷன் மாட்டாமல் இருக்கிறார் என்றால் அந்த சார்ஜரில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று, இரண்டு குளிர்காலமாகத் தன் வீட்டு சார்ஜரைச் சந்தேகத்தோடு பார்த்துவந்தார். கேட்கலாமே என்றால், அது மரியாதை இல்லை.

இனி, அந்தக் குழம்பு சாப்பிட்ட சாயங்காலத்துக்கு வருவோம். இன்னொரு அரை மணி கழித்து ஓட்வார் மறுபடி எழுந்தார். மறுபடி குனியப் போனார்.

"ஓட்வார், இங்க வா," என்றார் தோருன்.

வந்தார். தோருன் தொப்பியை மேலே தள்ளி, அவர் கையைப் பிடித்துப் புறங்கையைத் தன் நெற்றியில் அழுத்தினார்.

"இது எப்படி இருக்கு?"

"சூடா இருக்கே."

"எத்தனை நாளா?"

ஓட்வார் பிளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு நாளா," என்றார் தோருன். குரலை உயர்த்தவில்லை, அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. "பிளக்குக்குக் காய்ச்சலான்னு அரை மணிக்கு ஒரு தரம் பார்க்கிற. நான் அதுக்கு ரெண்டு முழம் தள்ளித்தான் உக்காந்திருக்கேன்."

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் தோருன் பெட்டியைக் கட்டினார். லெவாங்கரில் அவருடைய அக்கா வீடு இருக்கிறது. அங்கிருந்தே நூலக வேலைக்கு ரயிலில் வந்து போய்க்கொள்வதாகச் சொன்னார். ரயில் நிலையம்வரை காரில் கொண்டுவிடட்டுமா என்று ஓட்வார் கேட்டார். வேண்டாம், அது சார்ஜ் ஏறட்டும் என்று பதில் வந்தது.

"ஜன்னல் மூடுற அன்னிக்குக் கூப்பிடு," என்றார் தோருன், வாசலில் நின்று. "அதுக்கு முன்னாடி கூப்பிடாத. விசேஷம் எதுவும் இருக்காது."

முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் தோருன் இப்படிப் பெட்டியோடு கிளம்பியதில்லை. ஓட்வார் நிஜமாகவே பயந்துபோனார். அன்றைக்கும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்புதான் என்று சொல்லவும் சொன்னார். கேட்க ஆள் இல்லாததால் அது கொஞ்சம் கிறுக்குத்தனமாக அவர் காதிலேயே விழுந்தது. ஃபைலைத் திறந்து உட்கார்ந்து, ராப்பகலாகக் கழித்து, இருபத்து மூன்றை இரண்டாக்கினார். இரண்டும் ஆளுக்கு எண்பத்தாறு மதிப்பெண் வாங்கி முட்டிக்கொண்டு நின்றன. எண்பத்தாறை எத்தனை தரம் கூட்டினாலும் எண்பத்தாறுதான் வந்தது.

சனிக்கிழமை வரிசை முழுவதற்கும் கூட்டு வேலை நாள். வருடத்தில் இரண்டு தடவை எல்லா வீட்டாரும் இறங்கி இலை வாரி, வேலி துடைத்து, கடைசியில் நின்றபடியே வாஃபிள் அப்பமும் காபியும் சாப்பிட்டுக் கலைவார்கள். காலே முறிந்தாலொழிய வராமல் இருக்க முடியாது. தோருன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வானம் தெளிந்திருப்பதாக மட்டும் மூன்று பேர் சொன்னார்கள். ஓட்வார் வாருகோலோடு ஒரே இடத்தை நாலு தடவை வாரினார். பிறகு, வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வாஃபிள் மேஜைக்கு நடந்து போய், பழுப்புப் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டிருந்த சங்கத் தலைவி குன்வோரிடம், ஒரு விஷயம் கேட்கலாமா என்றார்.

வாருகோல்கள் எல்லாம் நின்றன. பதினொரு வீட்டாரும் ஆளுக்கொரு மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"சார்ஜர் விஷயம்," என்றார் ஓட்வார். "ரெண்டுல வந்து நிக்குது. ரெண்டும் சமமா இருக்கு. உனக்கு எது சரின்னு படுது?"

"ரெண்டும் இல்ல," என்றார் குன்வோர். "ஒண்ணே ஒண்ணுதான் மாட்ட முடியும். எங்க எல்லார் வீட்லயும் இருக்கே, அது. மொத்த வரிசைக்கும் ஒரே மின்சார இணைப்புதானே. கடைசிக் கொட்டகைல ஒரு பெட்டி இருந்து பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு பிரிச்சு விடுது. வேற கம்பெனி சார்ஜர் மாட்டினா அந்தப் பெட்டிக்கு அதோட பாஷை புரியாது."

"இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"கூட்ட மினிட்ஸ்ல இருக்கு. ஒன்பதாவது தீர்மானம்."

"நான் படிக்கலை, குன்வோர்."

"படிச்சிருக்க வேண்டாம்," என்றார் குன்வோர், பாலாடைக்கட்டியைச் சீவியபடியே. "எழுதினதே நீதானே."

மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் கவனமாகப் பார்த்தார்கள். ஹெல்கேதான் தாங்க முடியாமல் வாய் திறந்தார். "நீ வேற என்னமோ கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சோம், ஓட்வார். நான் ரெண்டு வருஷமா எங்க வீட்டு சார்ஜரை மோந்து மோந்து பார்க்கிறேன்."

ஓட்வார் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தார். ஆறு வருடமாகச் சங்கத்தின் செயலர் அவர்தான். மினிட்ஸ் நோட்டு அவரிடமேதான் இருந்தது. ஒன்பதாவது தீர்மானம், அவருடைய மணி மணியான கையெழுத்தில்: பன்னிரண்டு வீடுகளுக்கும் ஒரே வகை சார்ஜர் மட்டுமே பொருத்தப்படும், ஏழாம் எண் வீட்டுக்கும் கம்பி இழுத்து வைக்கப்படும். அடியில் அளவுகோல் வைத்துக் கோடு வேறு போட்டிருந்தார். அன்றைக்கு வரி கோணாமல் எழுதுவதில்தான் அவருடைய கவனம் முழுக்க இருந்திருக்கிறது. நோட்டை மூடினார். பக்கத்தில் ஃபைல் கிடந்தது. அதைத் திறக்க அவருக்குத் தெம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை மின்பணியாளர் யோஸ்டெய்ன் வந்தான். வரிசை முழுக்க மாட்டியவன் அவன்தான். குழாய் முனையிலிருந்த பனிக்கரண்டியை எடுத்து, "இதை எங்க மாட்டறது?" என்று கேட்டு ஓட்வார் கையில் கொடுத்தான். இது பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி தாங்கும், முனகுமா, என்று ஓட்வார் மெல்ல ஆரம்பித்தார். பதினொரு வீட்டில் மூன்று வருடமாக ஓடுகிறதே, ஒரு தடவையாவது முனகிக் கேட்டதுண்டா என்றான் அவன். ஓட்வார் அதோடு வாயை மூடிக்கொண்டார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு மிடறு காபிகூடக் குடிக்காமல் அவன் அடுத்த ஊருக்குப் போய்விட்டான். நாற்பது நிமிடமும் ஓட்வார் கையில் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

பிறகு கேபிளை உள்ளே இழுத்துச் சுருட்டினார். காலுறைகளை உருவினார். ஜன்னலைச் சாத்தப் போனால் சாத்தவில்லை. இரண்டு வருட ஈரத்தில் சட்டம் உப்பிப்போயிருந்தது. உள்ளங்கையால் நாலு அடி அடித்து உட்கார வைத்தார். தோருனைக் கூப்பிட்டார்.

"மூடிட்டேன்."

"ஃபோனை ஜன்னல்கிட்ட வெச்சு மறுபடி மூடு," என்றது மறுமுனை.

கஷ்டப்பட்டுத் திறந்து, ஃபோனை அருகில் வைத்து, மறுபடி நாலு அடி அடித்து மூடினார்.

"ஆறு மணி ரயில்ல வரேன்," என்றார் தோருன்.

வந்தார். தொப்பியைக் கழற்றினார், ஜாக்கெட்டைக் கழற்றினார், இரண்டையும் வாசல் கொக்கியில் மாட்டினார். சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் தன் பழைய சாக்கெட்டுக்குத் திரும்பி வந்து இரைந்துகொண்டிருந்தது. தோருன் செய்தித்தாளை மடித்துக் குறுக்கெழுத்தில் குனிந்தார். ஓட்வாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அரை மணி ஆனது. எழுந்தார். ஜன்னலுக்குக் கீழே குனிந்து பிளக்கில் புறங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. நிமிர்ந்து, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து, அதைத் தோருனின் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடி மூன்று எண்ணினார். தோருன் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நெற்றியில் கிடந்த முடியை மட்டும் ஒதுக்கி இடம் கொடுத்தார்.