துரியோதனன் தொடையில் மாப்பிள்ளை

ரத்தினம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கல்யாணமாகி வடமாலபேட்டைப் பக்கத்து ஊருக்கு வந்த பிறகுதான் அடக்கக் கற்றாள். கற்றுக்கொடுத்தவர் புருஷன் பாலசுப்பிரமணியன். ஊர் தருமராஜர் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் பாரதக் கதை சொல்கிறவர். கடைசி நாள் கதையை ஒரே மாதிரிதான் முடிப்பார். "மாயசபையில துரியோதனன் வழுக்கி வுழுந்தான், பாஞ்சாலி சிரிச்சா. ஒரு பொம்பள சிரிச்சி குலமே அழிஞ்சிபோச்சி பாருங்க!"

ஆண்கள் கைதட்டுவார்கள். அவர் கண் மட்டும் கூட்டத்தில் மனைவியைத் தேடும். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். திரௌபதி அம்மனென்று கற்பூரமும் காட்டுவார்களாம், பழியையும் அவள் தலையிலேயே போடுவார்களாம்! இது என்ன நியாயம் என்று உள்ளுக்குள் பொருமுவாள். வெளியே சொன்னதில்லை.

இந்த வருஷம் மகள் தரணிக்குத் திருப்பதியில் வரன் அமைந்தது. தரணிக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாயிற்று. படுகளம் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டதில், மாப்பிள்ளை திலீப்பும் அவன் அம்மா தனபாக்கியமும் கடைசி நாள் காலையிலேயே வந்து இறங்கினார்கள்.

படுகளத்துக்காகக் கோயிலுக்கு எதிரே மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்திருந்தார்கள். சாயங்காலம் பீமன் வேஷக்காரர் வந்து அவன் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். தலைக்கும் மார்புக்கும் வர்ணம் பூசியாயிற்று. கால் பக்கம் மட்டும் இன்னும் வெறும் மண்மேடு. மேலே காய்ந்திருக்கும், உள்ளே சேறு. ஊர்க்காரர்கள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். டவுன் பையனுக்கு அது எங்கே தெரியும்? வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டோடு, போனில் பேசிக்கொண்டே குறுக்கே நடந்தான். நேராகத் துரியோதனன் தொடையில் ஏறி, முழங்கால்வரை புதைந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ரத்தினம்மா முந்தானையைத் தேடுவதற்குள் சிரிப்பு வெடித்துவிட்டது. இத்தனை வருஷமாக விழுங்கி வைத்த சிரிப்பு. லேசில் நிற்குமா?

பாலசுப்பிரமணியன் முகத்தில் ஈயாடவில்லை. "போச்சி! குடியக் கெடுத்துட்டியே ரத்தினம்!"

தரணியின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அதைப் பார்த்ததும்தான் ரத்தினம்மாவின் சிரிப்பு நின்றது. பெற்ற மகளின் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமோ?

தனபாக்கியம் சேற்றில் கிடந்த மகனைப் பார்த்தாள். அப்புறம் ரத்தினம்மாவைப் பார்த்தாள். "பீமனுக்கு வேலயே வெக்காம இவனே தொடய ஒடச்சிட்டானே, சம்பந்தி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

திலீப்பும் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தான். "அத்தே, சிரிச்சிக்கினே இருந்தா எப்படி? கையக் குடுங்க."

ரத்தினம்மா இழுத்துவிட்டாள். அவள் புடவையும் சேறாயிற்று. ஆகட்டுமே! அப்பாடா என்று மூச்சு வந்தது. தரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள்.

மத்தியானம் பாலசுப்பிரமணியன் கதையை முடிக்கும் இடத்துக்கு வந்தார். "மாயசபையில துரியோதனன் வழுக்கி வுழுந்தான்..." என்றவர் நிறுத்தினார். முன்னால் இரண்டு சம்பந்தியம்மாக்களும் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மூலத்துல பீமனும்தான் சிரிச்சான். அவன எவனாச்சும் ஒரு வார்த்த திட்னீங்களா? சூதாடினவன வுட்டுட்டீங்க, சேலய இழுத்தவன வுட்டுட்டீங்க. சிரிச்சவதான் கெடச்சாளா உங்களுக்கு?"

கூட்டம் திருதிருவென்று விழித்தது. இத்தனை வருஷமும் தானே சொல்லிவிட்டு இப்போது ஊரைத் திட்டுகிறாரே மனுஷன்! ரத்தினம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானை மடியிலேயே கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.