கொல்கத்தா தமிழில் எரிந்த மாலை

தமிழில் சொன்னால் அதில் பொய் இருக்காது என்று ஐம்பது வயதுவரை நம்பியிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கொல்கத்தாவில் டாக்குரியா பகுதிக்குக் குடிவந்து இருபது வருஷமாகிறது. வங்காளச் செய்தி சேனல் எதையும் நம்பமாட்டேன். இது இவர்கள் ஆள், அது அவர்கள் ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தி வைத்திருந்தேன். கொல்கத்தாவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள சென்னைச் சேனலைப் போடுவேன்.

அன்று காய்ச்சல் என்று லீவு போட்டு வீட்டில் கிடந்தேன். மனைவி சால்ட் லேக்கில் இருக்கும் ஆபீசுக்குப் போயிருந்தாள். நாலரை மணிக்குத் திருச்சியிலிருந்து அவளுடைய அண்ணன் போன் பண்ணினார்.

“மாப்ளே, உயிரோடதான இருக்கீங்க?”

“ஏன் மச்சான், குரல் செத்தவன் குரல் மாதிரியா இருக்கு?”

“டிவியைப் போடுங்க. உங்க ஊரு பத்தி எரியுதாம்.”

போட்டேன். ‘கலவர பூமியான கொல்கத்தா’ என்று சிவப்பில் ஓடியது. ஒரு தீ தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தீ. எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. சால்ட் லேக் பக்கமிருந்து வரும் சாலைதான் என்றார் செய்தி வாசித்தவர். மனைவிக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தள்ளுவண்டியில் கொய்யா விற்றுக்கொண்டிருந்தார். பாவம், இவருக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று நினைத்தேன்.

பால்கனிக் கதவைப் பூட்டினேன். வீட்டிலிருந்த பக்கெட்டிலெல்லாம் தண்ணீர் பிடித்தேன். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. தெருவில் எரியும் தீ லிஃப்ட் இல்லாமல் எப்படி ஏறி வரும் என்று யோசிக்கவில்லை. போன வருஷமே விற்றுவிட்ட ஸ்கூட்டரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவளைத் தேடக் கிளம்பினேன்.

படியில் கீழ்வீட்டு பௌதி மறித்தார். அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கட்டடத்துக்கே அவர் அண்ணி.

“என்ன தம்பி, புது வண்டியா?” என்றார் வங்காளத்தில்.

விஷயத்தைச் சொன்னேன்.

“எங்க டிவியில ஒண்ணுமே நடக்கலைங்கறானே.”

“அவன் அவங்க ஆளு, பௌதி.”

“அது தெரியாதா எனக்கு? அவன் ஒண்ணுமில்லைன்னா ஏதோ கொஞ்சம் நடந்திருக்குன்னு எடுத்துப்பேன். உன் சேனல் யாரோட ஆளு?”

இத்தனை வருஷத்தில் கேட்கத் தோன்றியதே இல்லை. வீட்டுப் பாஷையில் பேசுகிறவனிடம் போய் நீ யார் ஆள் என்று எப்படிக் கேட்பது?

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஒரு பஸ்ஸும் வரவில்லை. அவள் நம்பரை மறுபடி போட்டேன், சுவிட்ச் ஆஃப். காலையில் அவள், “கஞ்சி அடுப்பு மேல இருக்கு, மறக்காம குடிங்க” என்றபோது போனைப் பார்த்துக்கொண்டே “ம்” என்றிருந்தேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்த “ம்” தானோ?

ஆறு மணி இருக்கும். கரியாஹாட் பக்கமிருந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

“என்ன கோலம் இது?”

“வெயிலுக்கு.”

“பொழுது சாஞ்சாச்சு!” ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, கன்னத்தில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். கையை உடனே எடுக்கவில்லை. “பயந்துட்டீங்களா?”

ஜோக் எதுவும் வரவில்லை. “ஆமா” என்றேன். கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு முக்கில் ஊர்வலம் வந்தவர்கள் ஒரு டயரைக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்த ஒரே டயரைத்தான் சேனல் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. போலீஸ் பஸ்களைச் சுற்றுவழியில் அனுப்ப, அவளைக் கரியாஹாட்டில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். போனில் சார்ஜ் இல்லை. மீதித் தூரத்தை நடந்தே வந்திருக்கிறாள்.