மேற்கு ஜன்னலுக்கு நான் எடுத்த கண்ணாடி

மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் கூலிக்கு உளி பிடித்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. அதற்குப் பிறகு நான் கட்டியதை எல்லாம் கேளுங்கள். கல் உடைத்த அதே ஊரில் சொந்தமாகக் கல் அறுக்கும் பட்டறை போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த பேங்க்காரரின் வாசலுக்கே பின்னாளில் நான்தான் படிக்கல் பதித்தேன். எங்கள் ஆட்களுக்கு இடம் விற்க யோசித்த பழங்காநத்தத்துத் தெருவில் மாடி வீடு எழுப்பினேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். இதில் ஒன்றுக்கும் யாரும் கை கொடுக்கவில்லை.

அந்த வீட்டில் தெருவோரமாக ஒரு அறை. அதில் மேற்குப் பார்த்து, ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் வைத்தேன். தெருவில் போகிறவன் பார்க்கட்டும் என்றுதான் அவ்வளவு பெரிதாக வைத்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த அறை செங்கல் சூளை. ஆள் படுக்காத அறையாக இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. பேச்சும் பாதி குழறியது. உள்ளறை குளிர்ச்சியாக இருக்கும், அங்கே கட்டில் போடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. "நான் இங்கனயே கெடக்கேன்" என்று மேற்கு அறையைக் காட்டினாள். வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கோடை அந்த வெக்கையில் கிடந்தாள். முதுகெல்லாம் வேர்க்குரு. ஏசி மாட்டினோம், அந்தக் காற்று பட்டால் விழுந்த கை இழுத்துக்கொண்டு வலித்தது. பெங்களூரில் இருக்கிற மகன், வெயிலை உள்ளே விடாத கண்ணாடி ஜன்னல்கள் இப்போது வருகின்றன, நீங்களே பார்த்து எடுங்கள், பணம் அனுப்புகிறேன், எனக்கு லீவு இல்லை என்று போனில் சொன்னான்.

தல்லாகுளம் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டிக்குள் சூடான பல்பை எரியவிட்டு, ஒவ்வொரு கண்ணாடியாக முன்னால் வைத்து, என் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். பல்பு என்ன வெயிலா? மூன்று மாதிரித் துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்து மொட்டை மாடியில் உச்சி வெயிலில் செங்கல் மேல் வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஐஸ்கட்டி. சாதாரணக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது நான் திரும்புவதற்குள் தண்ணீர். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக்கு அடியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. மூன்றாவது, இரண்டு கண்ணாடியை இடைவெளி விட்டுச் சேர்த்தது. வெளிப்பக்கம் ஏதோ பூசி, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மினுக்கும். அதற்கு அடியில் பாதி ஐஸ் அப்படியே இருந்தது. இன்ஜினியர்கள் கணக்குப் போட்டுச் சொல்வதை நான் ஐஸ்கட்டியை வைத்துக் கண்டுபிடித்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். "அண்ணே, ஒரு கதவாவது தொறக்குற மாதிரி வப்போம். படுத்திருக்கவுகளுக்குக் காத்து வேணும்ல" என்றார்.

"தொறந்தா வெயிலும்ல வரும்? பூராவும் அடைச்சே போடுங்க."

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிருங்களேன்."

"நாப்பது வருசம் வெயில்ல கெடந்து கல்லு அறுத்தவன் நான். எனக்குத் தெரியாத வெயிலா?"

ஒரே நாளில் பழைய கம்பியையும் மரக்கதவுகளையும் பெயர்த்துவிட்டுப் புதியதை மாட்டினார்கள். நாலு மணிக்கு உள்ளே நின்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். சூடே இல்லை. வெயில் தெரியுதா என்று அவளைக் கேட்டேன். தெரியல என்றாள். அந்த ஒரு வார்த்தையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேர்க்குரு வாடியது. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

தினமும் நாலரை மணிக்கு அவளுக்குத் தலை வாரிவிடுவேன். அதை அவளே கேட்பாள். ஜன்னல் மாற்றிய இரண்டாம் வாரத்தோடு கேட்பது நின்றது. சீப்பை எடுத்துக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் கேட்டாள்:

"தெருவுல எல்லாரும் எங்க போயிட்டாக?"

எங்கேயும் போகவில்லை, எல்லாரும் இருக்கிறார்கள் என்றேன். நல்ல கையைத் தூக்கிக் கண்ணாடியைக் காட்டினாள். அப்போதுதான் நான் அவள் படுத்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தேன். ஆட்கள் போகிறார்கள், வாய் அசைகிறது, சத்தம் இல்லை. எதிர்வீட்டு அம்மா நேராக எங்கள் கண்ணாடி முன்னால் வந்து நின்றது. உள்ளே எங்களைப் பார்க்கவில்லை. முந்தானையைச் சரிசெய்து, நெற்றிப் பொட்டை அழுத்திவிட்டுக்கொண்டு போய்விட்டது.

வெளியே போய் அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"எம் மூஞ்சிதான்ண்ணே தெரியுது. ரெண்டு தரம் தட்டிப் பாத்தேன். அக்கா தூங்குறாக போலன்னு போயிட்டேன்."

அந்தப் பழைய கம்பிக்கு நடுவில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழம்புக் கிண்ணம் கம்பி வழியாகப் போகும், வரும். கறிவேப்பிலை, ஒரு முழம் பூ, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அந்த வழிதான். நாலரை மணிக்கு அவள் தலை வாரச் சொன்னது அஞ்சு மணிக்கு வருகிறவர்களுக்காக. முன்வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் யாரும் சும்மா வர மாட்டார்கள். அதை எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். அவள் குழறலை நான் மூன்று முறை சொல்லச் சொல்வேன். அந்தப் பெண்களுக்கு ஒரே தடவையில் புரிந்திருக்கிறது.

முன்வாசல் வழியாக வாருங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். கட்டில் ஓரத்தில் நுனியில் உட்கார்ந்து, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசிவிட்டு எழுந்தார்கள்.

கடைக்காரரிடம் அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு, என் கண்ணாடி சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? பத்து நாள் தள்ளினேன். பிறகு போய், திறக்கிற கதவு ஒன்று வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. புதிதாகச் செய்து வர மூன்று வாரம் ஆகும் என்றார். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் மதியம், தெருவில் நாய்கூட நடமாடாத வெயிலில், அந்தக் குளிர்ந்த அறையில் போய்விட்டாள். கதவு அதற்குப் பிறகு வந்தது. இன்னும் அட்டையைப் பிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் என் மச்சான், அவளுடைய தம்பி, மகன் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். "மாப்ள, கண்ணாடி போட்டு எங்க அக்காவ வெக்கை தெரியாம வச்சிருந்து அனுப்பிட்டியேப்பா. இம்புட்டு யார் செய்வா?" சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். எதிர்வீட்டு அம்மா இலைக்கு முன்னால் இருந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போய்விட்டேன்.

அன்றைக்குப் பேசாததை இப்போது எழுதுகிறேன். பணம் அனுப்பியது மகன், அவ்வளவுதான். கடை ஏறியவன், ஐஸ் வைத்துப் பார்த்தவன், மூன்றில் இதுதான் என்று தொட்டுக் காட்டியவன், அவளைக் கேட்காமல் பூராவும் அடைக்கச் சொன்னவன் நான். அவள் முதுகில் வேர்க்குரு ஆறியது என் வேலை. கடைசி நாட்களில் அஞ்சு மணிக்கு அவளை ஒரு குரலும் கூப்பிடாமல் போனதும் என் வேலைதான். அதில் ஒரு பாதியை அவனுக்குக் கொடுத்துப் புகழ்ந்துவிட்டு, இன்னொரு பாதியை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். இனி அந்த ஜன்னலைப் பற்றி வீட்டில் யார் பேசினாலும், அது அவன் போட்டது என்று சொல்லக் கூடாது. அது நான் போட்டது.