ஆடி மாதத்துச் சனிக்கிழமைகள்

அந்த யோசனை எனக்கு வந்தபோது என் உதடுகளுக்கு நடுவில் இரண்டு குண்டூசிகள் இருந்தன. அப்போது நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. கல்லூரி விட்டு வந்ததும் பிளவுஸ்களுக்குக் கொக்கி தைப்பது என் வேலை.

அன்று வெள்ளிக்கிழமை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்து முடித்திருந்தோம். நோட்டைக் கூட்டிப் பார்த்து, நல்ல லாபம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளோ மறுநாள் கூலிக்காகச் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாபம்னு எழுதியிருக்கியே, அது எங்கடி இருக்கு?"

"பள்ளிக்கூடத்துல இருக்கும்மா. அடுத்த மாசம் தருவாங்க."

"அப்ப நாளைக்கி தைக்கறவங்க கையில அடுத்த மாசத்த எடுத்துக் குடுத்துடறியா?"

குண்டூசிகளை எடுத்து வைத்தேன். எவ்வளவு வரும் என்று மட்டும் எழுதிவந்தோமே, எந்த வாரம் வரும் என்று ஒருநாளாவது எழுதினோமா? பிளவுஸ் பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளைத் தரையில் உருட்டி விரித்தேன். பதின்மூன்று கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு வாரம். மேலே வருவது, கீழே போவது. எழுதியது துணியில் குறி போடும் சாக்பீஸால். தப்பானால் துடைத்துக்கொள்ளலாம்.

போவதில் அசைக்க முடியாத ஒன்று சனிக்கிழமைக் கூலி. கடையில் மூன்று பேர் தைத்தார்கள். அவர்களில் மூத்த அக்கா, பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். மில்லின் கடைசிக் காலத்தில் அவருடைய அப்பாவுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று யாருக்கும் தெரியாதாம். எங்களிடம் சேர்ந்தபோதே அக்கா சொல்லிவிட்டார்: "கம்மியா குடுங்க, பரவால்ல. ஆனா சனிக்கிழம அஞ்சு மணிக்கி குடுத்துடணும். ஒரு வாரம் தவறுச்சின்னா திங்கக்கிழம நான் வரமாட்டேன்." எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த அக்கா கையால் வெட்டிய பிளவுஸுக்காகவே வருகிறவர்கள். அம்மா ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

முதல் தாளில் ஆடி மாதக் கட்டங்களில் வரவுக்குச் சுழி போட்டிருந்தேன். அம்மா குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, ஆடியில முட்ட போட்டு வெச்சிருக்க?"

"ஆடிம்மா. கல்யாணம் கிடையாது."

"பிரான்சுக்காரங்களுக்கு ஏதுடி ஆடி? அவங்க புள்ளைங்களுக்கு லீவு அப்பத்தான வுடறாங்க. கல்யாணம், மஞ்சத்தண்ணி எல்லாத்தயும் அதுக்குள்ள முடிச்சிட்டு பிளேன் ஏறுவாங்க."

எனக்குத் தெரியாத சங்கதியா? பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார். சின்ன வயதில் வருடா வருடம் அந்த வீட்டு சாக்லெட்டைத் தின்றவள்தானே நான். இருந்தும் தாளை எடுத்து வைத்ததும் எல்லா ஊருக்குமான ஆடியைத்தான் எழுதியிருந்தேன். துடைத்தேன். ஜூலை மூன்றாம் வாரக் கட்டத்தில் பெரிய தொகை ஒன்றை எழுதினேன். பார்க்கப் பார்க்க அதுவே எனக்குத் தலைக்கேறியது. துணி ஓரம் அடிக்கும் பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று மலிவாக வந்தபோது, "வாங்கிடும்மா, மூணாவது வாரம் காசு வந்துடும், பேப்பர்ல பாரு" என்று நச்சரித்தேன். பள்ளிக்கூடத்துப் பணம் உட்படக் கையில் இருந்ததை எல்லாம் போட்டு அம்மா வாங்கினாள்.

அந்த ஜூலை மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மெஷின் எண்ணெய் வாசனையும் வெளிநாட்டு சென்ட் வாசனையும் சேர்ந்தே வருகின்றன. முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. பாரிஸில் பிறந்த பெண் பிள்ளைகள் பட்டுப் பாவாடையை எந்தப் பக்கம் இழுத்துச் செருகுவது என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் சுழலுவார்கள். "மூச்ச வுடும்மா, இல்லன்னா சாப்பாடு எறங்காது" என்று அக்கா அளவு எடுப்பார். நாலு மணிக்கு டீயும் பன்னும். மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் வீடே காது அடைத்த மாதிரி இருக்கும்.

மூன்றாம் வாரம் வந்தது. பிளவுஸ்கள் போயின. பணம் வரவில்லை.

"அவங்க எப்பவும் ஊருக்குக் கெளம்பறதுக்கு மொத நாளு வந்து மொத்தமாத்தான குடுப்பாங்க" என்றாள் அம்மா. "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஆகஸ்ட் கடைசி! தைத்து முடிக்கும் வாரத்தையே பணம் வரும் வாரமாக எழுதி வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தோம். ஒருவருடைய கூலிக்குத்தான் காசு இருந்தது. அம்மாவின் கை தோட்டுக்குப் போனது. நான் சைக்கிளை எடுத்தேன்.

"எங்கடி போற?"

"மதாம் வீட்டுக்கு."

"காசு கேட்டியானா என் மானமே போயிடும்! ஓடியா போயிடப் போறோம்னு நெனைக்க மாட்டாங்களா?"

மதாம் என்றது மகள் கல்யாணத்துக்குப் பதினெட்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்த பிரான்சுக்கார அம்மாள். பக்கத்துச் சாரம் பகுதியில் வீடு. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அம்மா அனுப்பல மதாம், நானாத்தான் வந்தேன். அஞ்சு மணிக்கி கூலி குடுக்கணும். பாதியாவது..."

"அகோந்த் கேக்கறியா?"

"அப்படின்னா மதாம்?"

"அகோந்த்னா முன்பணம்மா. அங்க ஒரு சட்ட தைக்கக் குடுத்தாலும் பாதி அகோந்த் வெச்சிட்டுத்தான் வெளிய வரணும். ஒங்கம்மா வாயத் தொறந்து கேட்டதே இல்ல. சரி, இந்த ஊரு பழக்கம் போலன்னு பதினஞ்சு வருஷமா கடைசியில குடுக்கறேன்."

"அது ஒங்க பழக்கம்னு அம்மா நெனச்சிட்டு இருக்காங்க மதாம்!"

உள்ளேயிருந்து அவர் கணவர் சிரித்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பாதிக்கு மேலேயே எண்ணிக் கொடுத்தார்கள்.

மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஐந்து இருபது. அக்கா தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். கூலியை வாங்கி எண்ணினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம் லேட்டு. மில்லுல இவ்ளோதான் லேட்டுன்னா எங்கப்பா தெருவுக்கே டீ வாங்கிக் குடுத்திருப்பாரு." படியிறங்கிவிட்டுத் திரும்பினார். "அடுத்த வாரம் அஞ்சு மணி."

திங்கட்கிழமை வந்தார். அம்மாதான் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "முகம் சுளிச்சாங்களாடி?" என்று கேட்டாள். "சிரிச்சாங்கம்மா" என்றேன். ஆனாலும் மற்றக் குடும்பங்களிடம் கேட்க அவள் சம்மதிக்கவில்லை. மீதிச் சனிக்கிழமைகளை மதாம் கொடுத்த பணத்தை நறுக்கி நறுக்கித்தான் தாண்டினோம்.

நான்கு வருடம் ஆகிறது. கடை இப்போது வாடகைக்கு எடுத்த பெரிய இடத்தில் நடக்கிறது. வசதிதான், ஆனால் அந்த முன்னறையின் நெரிசல் அங்கே வரவில்லை. நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கணக்கைத் தொட்டாலும் வேலை முடிந்த தேதிக்கும் பணம் கைக்கு வந்த தேதிக்கும் இடையில் எத்தனை நாள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கடைக் கணக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் ஒன்று செய்யப் போகிறேன். ஜூன் மாதத்திலேயே, அவர்கள் பெட்டி கட்டும் முன்பே, எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதுவது: எத்தனை பிளவுஸ், எந்த வாரம் வேண்டும், பாதி அகோந்த் இப்போதே. வருகிற அந்தப் பணத்திலிருந்து முதலில் எட்டு சனிக்கிழமைகளின் கூலியைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவது. துணி, நூல், மெஷின் எல்லாம் அதற்குப் பிறகு. செய்தியை எழுதி அம்மாவிடம் காட்டினேன். 'அகோந்த் தவறாமல் அனுப்பவும்' என்ற வரியில் 'தவறாமல்' என்ற சொல்லை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். நாளை மத்தியானம், அங்கே அவர்கள் விழித்திருக்கும் நேரம் பார்த்து, முதலில் மதாமுக்கு அனுப்புவதாக இருக்கிறேன்.