அங்கவடிக்கு வார் எடுத்த கதை

என் வீட்டுக்காரருக்கு எதையும் அளவாக வாங்கத் தெரியாது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அவர் தைக்கக் கொடுத்த சீருடைப் பாவாடையை, மடிப்பைப் பிரித்துப் பிரித்து நான்காம் வகுப்பு வரை ஓட்டினோம். செருப்பு வாங்கினால் முன்னால் பஞ்சு வைத்துத்தான் போடுவாள். சைக்கிள் வாங்கினார், அதில் ஏற அவளுக்கு ஒரு கல் வேண்டியிருந்தது. "வளர்ற புள்ள" என்பார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் விவாதம் கிடையாது.

ஓசூரில் கல்லூரி படிக்கும்போது மகள் பக்கத்திலிருந்த ஒரு பண்ணையில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டாள். நல்லம்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிறவர் மகளுக்குக் குதிரை எதற்கு என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும், சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்க பெங்களூரில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயே தங்கிப் பார்க்க வேண்டிய வேலை. அப்பா சரி என்றால் போகலாம். இரண்டு மாதமாக அவர் சொன்னதெல்லாம், "போலாம், போலாம். இன்னங்கொஞ்சம் வளரட்டும்." இருபத்திரண்டு வயதானவளைப் பற்றி! நான் தினமும் மல்லுக்கு நின்றேன். சமையலறையில் பாத்திரங்களை உருட்டினேன். மனிதர் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பண்ணையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா, தன்னுடைய பழைய டிரெஸ்ஸாஜ் சேணத்தை அவளுக்கே கொடுத்துவிட்டார். டிரெஸ்ஸாஜ் என்றால் பந்தயம் இல்லை. குதிரையை வட்டமும் நேர்கோடுமாக அடக்கமாக நடத்திக் காட்டும் வித்தை. அதற்குக் காலை அதிகம் மடக்காமல் நீளமாகத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். சேணம் வந்துவிட்டது. ஆனால் கால் வைக்கிற அங்கவடியை அதில் தொங்கவிடும் தோல்வார் இல்லை. போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பிவிடலாம் என்று அந்த அம்மாவே கடையில் சொல்லி மூன்று ஜோடி கொடுத்தனுப்பினார்.

வீட்டில் குதிரைக்கு எங்கே போவது? சேணத்தைச் சுற்றுச்சுவர் மேல் போட்டாள். அடியில் கோணிப்பையை மடித்து வைத்தது என் பங்கு. அவள் ஏறி உட்கார்ந்ததும், மாவு அரைக்கப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டம்மா தூக்குவாளியோடு நின்றுவிட்டார்.

"இது எங்கீங்க போவுது?"

"பெங்களூருக்கு" என்றேன், வீட்டுக்காரர் காதில் விழும்படி.

முதல் ஜோடியின் கொக்கி மேலே, தொடைக்கு அடியில் வந்தது. "உறுத்துது" என்று கழற்றிப் போட்டாள். இரண்டாவது ஜோடி நல்ல நீளம். அதைப் பார்த்ததுமே இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான் சரி. தாராளமா இருக்குது."

அவள் கால், கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவுகிற மாதிரி அங்கவடியைத் தேடியது. கடைசி ஓட்டை வரை ஏற்றி மாட்டியும் எட்டவில்லை. "போவப் போவ எட்டும்" என்றார் இவர்.

மூன்றாவது ஜோடி, மடிக்காமல் ஒற்றையாகத் தொங்குகிற வார். கொக்கி கீழே, அங்கவடிக்குப் பக்கத்தில். தொடைக்கு அடியில் உறுத்த ஒன்றுமில்லை. கால் போய் அப்படியே பொருந்திக்கொண்டது. ஆனால் ஓட்டைகள் கொஞ்சம்தான். இவர் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இதுல எறக்கறதுக்கு எடமே இல்லியே. நாளைக்கி வளந்துட்டா என்ன பண்ணுவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுவர் மேலிருந்து அவளே சொன்னாள்.

"அப்பா, நான் பத்தாவதுலயே வளந்து முடிச்சிட்டேன். இனிமே வளர்றதுன்னா இந்தத் தோலுதான் வளரும். மிதிக்க மிதிக்க நீண்டுக்கும். அதனால இதைக் கொஞ்சம் சின்னதாத்தான் எடுக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

இவர் சுவரோரம் போய், அவள் பாதத்தைப் பிடித்து அங்கவடியில் சரியாக வைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். முதுகு நேராக, கால் நீண்டு, இல்லாத கடிவாளத்தைப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகள் எவ்வளவு அழகாக உட்காருகிறாள் என்று நானும் அன்றுதான் பார்த்தேன்.

"இதயே வெச்சிக்க" என்றார். மற்ற இரண்டு ஜோடியையும் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"பெங்களூர்ல களி கெடைக்குமா?"

"கெடைக்கும்ப்பா. அவங்க முத்தேன்னு சொல்லுவாங்க."

"என்னிக்கி வரச் சொன்னாங்க?"

"திங்கக்கெழமையே வரலாம்னாங்க."

"செரி. நானே கொண்டு போயி உடறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு மாதமாக அவரோடு சண்டை போட்டவள் நான். அது வந்த பிறகு, "அடுத்த மாசம் போனா ஆவாதா?" என்று கேட்டதும் நான்தான்.